ஒரு கிலோமீட்டர் அறுநூறு

ஹனாதியின் பதின்மூன்று ஓட்டங்களைப் பட்டியலிலிருந்து நீக்கியவன் நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மறைத்து வைத்துக்கொண்டு கதை சொல்ல எனக்கு வராது.

பெய்ரூத்தில் எங்கள் ஓட்டக் குழு சின்னது. நாற்பது பேர் இருப்போம். நான் பல் கட்டும் பட்டறை வைத்திருப்பவன். கணக்காக வேலை செய்பவன் என்று பெயர் இருந்ததால் பட்டியல் எழுதும் பொறுப்பை என் தலையில் கட்டியிருந்தார்கள். அந்தக் குளிர்காலத்தில் பன்னிரண்டு வாரப் போட்டி ஒன்று வைத்தோம். யார் அதிகக் கிலோமீட்டர் ஓடுகிறார்களோ, அவர்களில் மூன்று ஆண்களும் மூன்று பெண்களும் ஜோர்தானுக்குப் போய் அகபாவில் நடக்கும் அரை மாரத்தானில் குழுவின் பெயரால் ஓடலாம். ஓட்டம் எல்லாம் ஏதாவது ஒரு கருவியில் பதிவாக வேண்டும். வாய்ப்பேச்சு செல்லாது.

ஹனாதிக்கு நாற்பத்தொரு வயது. பஸ்தாவில் தையல் கடை. மணப்பெண் உடைகளில் இடுப்பைப் பிடிப்பது, கீழ் விளிம்பை ஏற்றுவது இதெல்லாம்தான் அவள் வேலை. கணவன் முஹ்யித்தீன் டாக்ஸி ஓட்டுகிறான். வாரத்தில் ஐந்து நாள், விடியுமுன்னே, அவன் சவாரிக்குப் புறப்படும்போது அவளை ஐன் மிரெய்ஸேயில் இறக்கிவிடுவான். அங்கிருந்து கோர்னிஷ் என்கிற கடற்கரைச் சாலையில் கலங்கரை விளக்கத்தைத் தாண்டி, ரவ்ஷே மேட்டில் ஏறி இறங்கி, ரம்லத் அல் பைதா மணல்வரை ஓடித் திரும்புவாள். கடிகாரம் முஹ்யித்தீன் வாங்கிக் கொடுத்தது. வண்டியில் ஏறிய யாரோ ஒருவர் புதிது வாங்கியதால் பழையதை அவனிடம் விற்றிருந்தார். பின்பக்கத்தில் பச்சை விளக்கு மினுக்கி இதயத் துடிப்பை எண்ணும் வகை.

அந்தத் துடிப்பு எண்ணில் அவளுக்கு அப்படி ஒரு பிரியம். "மொத நாள் அந்த மேட்டுல நூத்தி எழுபத்தெட்டு காட்டுச்சு. இப்ப நூத்தி அறுபத்தஞ்சு. அதே மேடு, அதே நான். எங்க போச்சு அந்தப் பதிமூணு?" என்று ஒருமுறை என்னிடம் கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

ஆனால் அந்த வருஷம் சண்டைக்காக யார் யாரோ வானத்து அலைகளைக் குழப்பிக்கொண்டிருந்தார்கள். செயற்கைக்கோள் சொல்வதை நம்பிய எல்லாக் கருவிகளும் நகரத்துக்குள் பைத்தியம் பிடித்து அலைந்தன. முஹ்யித்தீனின் கைபேசி வரைபடம் அவன் வண்டியைத் தூக்கி விமான நிலையத்து ஓடுபாதையில் வைத்தது. ஹனாதியின் கடிகாரம் அவளையும் அங்கேதான் கொண்டுபோனது. மூச்சு வாங்க ஓடி வந்து நிற்பாள். அது கொண்டாட்டமாக ஒலி எழுப்பும். "வாழ்த்துகள்! உங்கள் மிக வேகமான ஐந்து கிலோமீட்டர்: ஒரு நிமிடம் நாற்பது வினாடி." அடுத்த நாள் கடலுக்கு மேலே நேர்கோடாக முப்பத்தொரு கிலோமீட்டர். அதற்கடுத்த நாள் வெறும் இருநூறு மீட்டர். அவள் ஒரு மணி நேரம் ஒரே இடத்தில் நின்றிருந்தாளாம்.

தினமும் இல்லை, ஆனால் எல்லாருக்கும் இந்தத் தொல்லை இருந்தது. கார் வைத்திருந்தவர்கள் மலைக்கு மேலே போய் ஓடினார்கள். அங்கே ஓரளவு பரவாயில்லை. மற்றவர்கள் உடற்பயிற்சிக் கூடத்து ஓட்ட எந்திரத்தில் ஓடி, எந்திரம் காட்டும் எண்ணைப் படம் எடுத்து அனுப்பினார்கள். ஆறு மணிக்கு ஓட்டம் முடித்து ஏழரைக்குப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி எட்டுக்குக் கடை திறக்கிற ஹனாதிக்கு இரண்டுமே முடியாது. கடிகாரத்தை அணைத்து அணைத்துப் போட்டாள். புதிய மென்பொருள் ஏற்றினாள். ஓடத் தொடங்குமுன் கையை வானத்துக்கு உயர்த்திக்கொண்டு பத்து நிமிஷம் நின்றாள். போகிற வருகிறவர்கள் ஆமீன் சொல்லிவிட்டுப் போனார்கள்.

விதிப்படி, மனிதனால் முடியாத வேகத்திலோ, நின்ற இடத்திலேயோ பதிவான ஓட்டம் செல்லாது. செல்லாத ஓட்டம் வந்தால் நான் ஒரு கோடு போட்டு 'ரத்து' என்று எழுதுவேன். ஒவ்வொரு கோடு போடும்போதும் எனக்குத் தெரியும், அவள் ஓடினாள் என்று. ஆனாலும் விதி என்று ஒன்று இருக்கிறதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பதினோராவது வாரம் மிலாத் குழுவின் அரட்டையில் எழுதினான். மிலாத் வீடு விற்கும் தரகன். ஆண்கள் பட்டியலில் இரண்டாம் இடத்தில் இருந்தவன். மணிக்கட்டில் இருந்த கடிகாரத்தின் விலையைச் சொல்லாமல் யாரையும் விடமாட்டான். அவன் எழுதியது இதுதான்: "மதாம் ஹனாதி இன்னைக்கு ஐம்பத்தேழு நிமிஷத்துல முப்பத்தொரு கிலோமீட்டர். வீட்டுக்காரர் டாக்ஸில நல்ல பெட்ரோல் போடறார் போல."

பதினேழு பேர் சிரிப்புப் படம் போட்டார்கள். ஒரு பெண், "தினமும் காலைல டாக்ஸிலேர்ந்து இறங்கறத நானே பாத்திருக்கேன்" என்று வேறு எழுதினாள். ஹனாதி மாலையில் குழுவிலிருந்து வெளியேறிவிட்டாள்.

மறுநாள் அவள் கடைக்குப் போனேன். ஒரு வெள்ளை உடையை மடியில் போட்டுக்கொண்டு ஊசியோடு உட்கார்ந்திருந்தாள். முஹ்யித்தீன் சாப்பிட வந்தவன், ரொட்டிக்குள் சுருட்டிய ஸஅத்தர் மூலிகைப் பொடியைக் கையில் பிடித்தபடி என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"வாங்க உஸ்தாஸ் நஸீப். உங்க பட்டியல்ல என் வண்டிக்கும் ஒரு இடம் குடுத்துடுங்க. பாவம், அதுதானே ஓடுச்சு."

"முஹ்யி, நான் அப்படி எழுதல."

"எழுதினவன் மிலாத். ரத்து பண்ணது யாரு?"

ஹனாதி தலை நிமிராமல் பேசினாள்.

"உஸ்தாஸ், ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நான் ஓடினேன்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

"தெரிஞ்சும் கோடு போட்டீங்க."

"விதி அப்படி இருக்கு ஹனாதி. ஆதாரம் வேணும்."

"ஆதாரம்!" ஊசியைத் துணியில் குத்தி நிறுத்தினாள். "இந்தப் பொய்யன் என்னை விமான நிலையத்துல நிறுத்தினா நான் அங்கதான் இருந்தேனா? பாஸ்போர்ட்ல முத்திரை குத்துவாங்களா? என் முட்டி வலிக்குது, என் காலணி தேஞ்சிருக்கு, என் பொண்ணு தினமும் என் வேர்வைத் துணிய மோந்து பாத்துட்டு மூக்கப் பிடிச்சிக்கறா. இதெல்லாம் ஆதாரம் இல்ல. கடல்மேல ஒரு கோடு மட்டும் ஆதாரம்!"

கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் எறிந்தாள். அது என் பக்கம் வழுக்கி வந்தது. ஏதாவது செய்ய வேண்டுமே என்றுதான் அதை எடுத்து அவள் கைபேசியில் பழைய பதிவுகளைத் திறந்தேன். வரைபடம் வழக்கம்போல் கோமாளித்தனம். வேகம் கேலிக்கூத்து. அதற்குக் கீழே, நான் அதுவரை திறந்தே பார்க்காத இடத்தில், துடிப்பின் கோடு இருந்தது.

அது அமைதியாக இருந்தது. அறுபத்திரண்டில் தொடங்கி, நூற்று நாற்பதுக்கு ஏறி, அப்படியே போய், பதினெட்டாவது நிமிஷத்தில் ஒரு மேடு. பிறகு இறக்கம். முப்பத்துமூன்றாவது நிமிஷத்தில் இன்னொரு மேடு, இது கொஞ்சம் கூர்மையாக. நான் அடுத்த ஓட்டத்தைத் திறந்தேன். பதினெட்டு, முப்பத்துமூன்று. அதற்கடுத்ததில் பதினேழரை, முப்பத்திரண்டு.

"இது ரவ்ஷே ஏத்தம்," என்றேன். "போகும்போது ஒண்ணு, வரும்போது ஒண்ணு."

முஹ்யித்தீன் எட்டிப் பார்த்தான். "வல்லா, டாக்ஸில உக்காந்திருந்தா இப்படி ஏறுமா?"

"நீங்க ஓட்டற ஓட்டுக்கு ஏறும்," என்றாள் ஹனாதி. அன்றைக்கு அவள் சொன்ன ஒரே நகைச்சுவை அதுதான். அதையும் சிரிக்காமல்தான் சொன்னாள்.

பதின்மூன்று பதிவுகளையும் பட்டறையில் அச்செடுத்து, ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து ஜன்னல் கண்ணாடியில் பிடித்துப் பார்த்தேன். ஒன்பதில் மேடுகள் ஒன்றோடொன்று பொருந்தி ஒரே கோடாகத் தெரிந்தன. மீதி நான்கில் துடிப்புக் கோடே இல்லை. கைபேசியில் கூப்பிட்டுக் கேட்டேன்.

"எந்த நாள்?" என்றாள். சொன்னேன். பிறகு, "அந்த வாரம் குளிர் தாங்கல. முழுக்கைச் சட்டைக்கு மேல கட்டிக்கிட்டேன். நேரம் பாக்க வசதியா இருக்கும்னு," என்றாள். பச்சை விளக்கு நான்கு நாளும் துணியின் நாடியைப் பிடித்துப் பார்த்திருக்கிறது.

துடிப்பு இருந்தது. தூரம் வேண்டும். கடற்கரைச் சாலையை அளந்துவிடலாம் என்று சொன்னவள் ஹனாதிதான். நான் நைலான் கயிறு வாங்கி வருகிறேன் என்றேன். "நைலான் இழுபடும். பருத்தி ஈரத்துல சுருங்கும். துணிக்காரி நான், எனக்குச் சொல்லாதீங்க," என்று தடுத்துவிட்டாள். முஹ்யித்தீன் எங்கிருந்தோ தடித்த மின்கம்பி கொண்டுவந்தான். அவளுடைய அளவு நாடாவை வைத்து, ஒன்றுக்கு இரண்டு முறை சரிபார்த்து, சரியாக ஐம்பது மீட்டரில் வெட்டினோம்.

ஞாயிற்றுக்கிழமை காலை மூவரும் இறங்கினோம். கம்பியின் ஒரு முனை முஹ்யித்தீனிடம், மறுமுனை அவளிடம். முனை விழும் இடத்தில் அவள் குனிந்து துணி வெட்டும் சுண்ணக்கட்டியால் கோடு போடுவாள். நான் எண்ணுவேன். கைப்பிடிக் கம்பிமேல் தூண்டில் சாய்த்து நின்ற கிழவர் ஒருவர் எங்களை நெடுநேரம் பார்த்தார்.

"என்ன, கோர்னிஷையும் விக்கப்போறாங்களா? எனக்கு ஒரு முழம் வெட்டிக் குடுங்க. இந்தத் தூண்டில் வைக்கற இடம் மட்டும் போதும்."

"இல்ல ஹாஜி," என்றான் முஹ்யித்தீன். "கடலுக்குத் திரைச்சீலை தைக்கறோம். உங்க மூஞ்சியப் பாத்து மீனெல்லாம் சைப்ரஸுக்கு ஓடுதாமே."

"மீன் பாத்து ஓடறது உன் டாக்ஸிய. புகைய மொதல்ல நிறுத்து."

ஹனாதி அதட்டினாள். "ரெண்டு பேரும் சும்மா இருங்க. எத்தனை, உஸ்தாஸ்?"

"நாற்பத்தொண்ணு."

"நாற்பத்திரண்டு. நீங்க சிரிச்சப்ப ஒண்ணு விட்டுட்டீங்க." அவள் சொன்னதுதான் சரி. ஆனாலும் நம்பவில்லை; திரும்பப் போய் மூன்று கோடுகளுக்கு முன்னாலிருந்து மறுபடி அளக்க வைத்தாள். வெயில் ஏறிவிட்டது. ரம்லத் அல் பைதாவில் முடித்தபோது தொண்ணூற்று நான்கு கம்பி. நான்கு கிலோமீட்டர் எழுநூறு. போக வர ஒன்பது நானூறு. குனிந்து குனிந்து அவளால் இடுப்பை நிமிர்த்த முடியவில்லை. "இந்த வேலைய அந்தச் சனியன் ஒழுங்கா பண்ணியிருந்தா," என்று மணிக்கட்டைப் பார்த்துச் சொன்னாள். முடிக்கவில்லை.

போட்டி முடிந்த வாரம், காபிக் கடை ஒன்றில் குழுவின் தலைவர் மதாம் ஜோர்ஜெத் கூட்டம் போட்டார். எழுபது வயது, பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், இன்னமும் விசில் கழுத்தில் தொங்குவதுபோலவே பேசுவார். நான் அச்செடுத்த தாள்களைப் பரப்பி விளக்கினேன். ஹனாதி எதிரே கைகளைக் கட்டி உட்கார்ந்திருந்தாள்.

மிலாத் ஒரு தாளை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தான். "இதயம் எகிறினா ஓடினதா அர்த்தமா? எனக்கு ஜெனரேட்டர் பில் வந்தாலே நூத்தம்பதைத் தாண்டும்."

"ஒன்பது நாளும் அதே நிமிஷத்துலயா பில் வருது?" என்றேன்.

"நான் மதாமைக் குறை சொல்லல, நஸீப். இன்னைக்கு இவங்களுக்கு விட்டுக்குடுத்தா நாளைக்கு எல்லாரும் ஒரு கோட்டைக் கொண்டுவருவாங்க."

மதாம் ஜோர்ஜெத் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு தாள்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவருக்கு அந்த மேடு தெரியும். முப்பது வருஷம் மாணவிகளை அதில் ஓட வைத்தவர். "இந்த ஒன்பதும் ஓட்டம்தான்," என்றார் கடைசியில். "எழுதிக்கோ நஸீப். மீதி நாலுக்குத் துடிப்பும் இல்ல, தூரமும் இல்ல. அதை நான் எப்படிம்மா எடுத்துக்க முடியும்?"

"மதாம்," என்றாள் ஹனாதி. குரல் உயரவில்லை. "அந்த நாலு நாள் நான் செத்துப்போய் ஓடினேனா?"

மிலாத் காபிக் கோப்பையைப் பார்த்தான்.

நான் காகிதத்தில் கூட்டினேன். ஏற்கெனவே செல்லுபடியானது நானூற்றொன்று. ஒன்பது ஓட்டங்கள் சேர்த்து எண்பத்து நான்கு அறுநூறு. மொத்தம் நானூற்று எண்பத்தைந்து அறுநூறு. மூன்றாம் இடத்தில் இருந்த கரீன் என்ற பெண்ணுக்கு நானூற்று எண்பத்தேழு இருநூறு. மறுபடி கூட்டினேன். மூன்றாம் முறையும் கூட்டினேன்.

"எவ்வளவு குறையுது?" என்றாள்.

"ஒரு கிலோமீட்டர் அறுநூறு."

அவள் எழுந்து பையை மாட்டிக்கொண்டாள். "பத்து நிமிஷம்," என்றாள். "போட்டி முடியறதுக்கு முன்னாடி யாராவது சொல்லியிருந்தா, பத்து நிமிஷம் அதிகமா ஓடிட்டு வந்திருப்பேன்." யாரையும் பார்க்காமல் வெளியே போனாள். நான் சொல்ல வேண்டியது இதுதான்: துடிப்புக் கோட்டை நான் முதல் வாரமே திறந்து பார்த்திருக்கலாம். விரல் வைத்தால் திறக்கிற தூரத்தில்தான் இருந்தது.

கரீன் மறுநாள் தையல் கடைக்குப் போயிருக்கிறாள். இருபத்தாறு வயதுப் பெண். ஒரு தீங்கும் நினையாதவள். தன் இடத்தை எடுத்துக்கொள்ளும்படி ஹனாதியிடம் கேட்டிருக்கிறாள். முஹ்யித்தீன்தான் பிறகு சொன்னான்.

"உன்மேல எனக்குக் கோபம் இல்ல கண்ணு," என்றாளாம் ஹனாதி. "நீ ஓடின, நீ போ. எனக்கு வேண்டியது இடம் இல்ல. நான் ஓடினேன்னு எழுதணும். அவ்வளவுதான்."

"வாங்கிக்கயேன், என்ன கெட்டுப்போச்சு?" என்று முஹ்யித்தீன் இடையில் நுழைந்திருக்கிறான். அதற்கு அவன் வாங்கிய திட்டை என்னிடம் சொல்ல மறுத்துவிட்டான்.

அன்று மாலை நான் குழு அரட்டையில் எழுதினேன். ஹனாதி பதின்மூன்று ஓட்டங்களையும் ஓடினாள் என்பது எனக்குத் தெரியும் என்றும், தெரிந்தே கோடு போட்டேன் என்றும், அவள் உண்மையில் ஓடியது ஐநூற்று இருபத்து மூன்று கிலோமீட்டர், அது இரண்டாம் இடம் என்றும் எழுதினேன். அடுத்த வாரத்திலிருந்து பட்டியலை வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும் என்றேன். ஐந்து பேர் வருத்தப்படும் படம் போட்டார்கள். மிலாத் கட்டை விரலை உயர்த்தினான். அதைப் படிக்க வேண்டியவள் குழுவில் இல்லை. படம் பிடித்து முஹ்யித்தீனுக்கு அனுப்பினேன். நீல நிறத்தில் இரண்டு குறி விழுந்தது, பதில் வரவில்லை.

அகபாவில் ஓட்டம் நடந்த வெள்ளிக்கிழமை காலை நான் கடற்கரைக்குப் போனேன். வருவாள் என்று ஏனோ தோன்றியது. வந்தாள். முதல் நாளே அவளும் கணவனும் வெள்ளைச் சாயம் கொண்டுவந்து, கம்பியை மறுபடி பிடித்து, நடைபாதை ஓரத்தில் நூறு மீட்டருக்கு ஒரு கோடும் கிலோமீட்டருக்கு ஒரு எண்ணும் எழுதியிருந்தார்கள். நகராட்சிக் காவலர் ஒருவர் வந்து கேட்டாராம். முஹ்யித்தீன், "கடல் எவ்வளவு நீளம்னு யாராவது எழுதி வைக்க வேணாமா?" என்றானாம். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, எழுத்து கோணலாக இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

அவள் இருபத்தொரு கிலோமீட்டரும் நூறு மீட்டரும் ஓடினாள். இரண்டு முறை முழுதாகப் போய் வந்து, மூன்றாவது முறை கலங்கரை விளக்கத்தைத் தாண்டி நிறுத்தினாள். கடிகாரம் கையில் இருந்தது, தோலோடு ஒட்டி, சட்டைக்கு உள்ளே. அன்றும் அது அவளை விமான நிலையத்துக்கு அனுப்பியிருக்கும். அவள் துடிப்பை மட்டும் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள். நான் தண்ணீர்ப் புட்டியோடு முடிவில் நின்றேன். அவள் முஹ்யித்தீன் கையிலிருந்து வாங்கிக் குடித்தாள்.

இரண்டு மணி ஒன்பது நிமிஷம். அதே காலையில் அகபாவில் கரீன் இரண்டு மணி பதினான்கு. யாரும் அந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. நான் மட்டும் பார்த்தேன்.

"அடுத்த வருஷம் சேருவீங்களா?" என்று கேட்டேன்.

"எதுக்கு?" என்றாள், முட்டியைப் பிடித்து மூச்சு வாங்கியபடி. "நான் ஓடறது எனக்குத் தெரியுது. உங்களுக்குத் தெரியறதுக்கு நான் ஏன் இவ்வளவு பாடுபடணும்?"

கோடைக்குள் அந்தக் கோடுகள் ஊருக்கே பழகிவிட்டன. கடிகாரங்கள் இன்னமும் விமான நிலையத்தில்தான் நிற்கின்றன. பெண்கள், கிழவர்கள், எங்கள் குழுவினர் என்று எல்லாரும் தரையைப் பார்த்தே ஓடுகிறார்கள். ஜூன் மாதம் ஒரு காலை, மூன்றாம் கிலோமீட்டர் எண்ணருகே மிலாத் நின்றிருந்தான். ஹனாதி எதிரே ஓடி வந்தாள். நான் அவளுக்கு இருபதடி பின்னால் இருந்தேன்.

"மதாம்," என்று அவன் கையை உயர்த்தினான். "இந்தக் கோடு சரியான அளவுதானா? எனக்கு நாப்பது மீட்டர் கூடுதலா இருக்கற மாதிரி தெரியுது."

அவள் நிற்கவில்லை. "கம்பி வீட்டுல இருக்கு. வந்து எடுத்து அளந்துக்கங்க," என்று சொல்லிக்கொண்டே அவனைத் தாண்டி ஏற்றத்தில் ஏறிவிட்டாள்.

அவன் கம்பி கேட்டுப் போகவில்லை. அடுத்த வாரமும் அதே கோட்டிலிருந்துதான் ஓடத் தொடங்கினான்.